எட்டாம் நம்பர் கட்டில்

மே 12, திங்கள்

உலகுவை இன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பித்தப்பையில் கல். பொங்கலுக்கு முன்பே எடுத்துவிடச் சொன்னார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் பள்ளிக்கூடம் நடக்கும்போது போய்ப் படுக்க முடியாது என்று கோடை விடுமுறை வரை வலியோடு ஓட்டினாள். என் தங்கை. ஆறு வயது இளையவள், பிடிவாதத்தில் மூத்தவள். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. அன்றைக்கு வண்டியில் உட்காரலாமா என்பதுதான் டாக்டர் சிவசைலத்திடம் அவள் கேட்ட ஒரே கேள்வி. தாராளமாக உட்காரலாம் என்றார். ஆஸ்பத்திரியே அவருடையது.

ஆய்வகத்தில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். கத்திரி வெயிலில் பால் மாதிரிகள் வந்து குவியும். வெள்ளிக்கிழமை எனக்கு வேறோர் இடத்தில் ஒரு சோதனைக்கு நேரம் வாங்கியிருந்தேன். போன் செய்து தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். அவசரமில்லை.

மே 13, செவ்வாய்

அறுவை முடிந்தது. எடுத்த கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். உலகுவின் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். அரிசி மண்டியில் வேலை. மாதிரி காட்டுவது கைப்பழக்கம்.

மே 14, புதன், மத்தியானம்

பெண்கள் பொது வார்டில் இரண்டு வரிசைக் கட்டில்கள், எதிரெதிராக. நேற்று உலகுவை மயக்கத்தில் கொண்டுவந்து ஏழாம் நம்பரில் போட்டிருந்தார்கள். இன்று டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, ஜன்னலில் வெயில் விழுவதைப் பார்த்துத் திசை கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏக்கா, இது வடக்க தலைல்லா. நேத்து ராத்திரி பூரா இப்படியா கெடந்தேன்?"

நோய் தீர்வதற்கும் திசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளக்கினேன். "நீ எம்.எஸ்ஸி. படிச்சவ. நீ படு," என்றாள். எழுந்து உட்கார்ந்துகொண்டு கால்களைத் தொங்கப் போட்டாள்.

எதிர்க்கட்டில் எட்டாம் நம்பரில் மேலப்பாளையத்து அம்மாள் ஒருவர், செய்யதலி பாத்திமா. சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். கேட்டுக்கொண்டே இருந்தார். "எங்களுக்கு வடக்கு தெக்குலாம் கெடையாதும்மா. நீ இங்க வா, நான் அங்க போறேன். அங்க ஃபேன் நல்லாச் சுத்துது, நானும் ரெண்டு நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றார். பெருக்க வந்த ஆயா, மாறிக்கிடுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்றாள். இங்கே இது அடிக்கடி நடக்கிறதாம்.

தலையணை, ஃபிளாஸ்க், துணிப்பை எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். உலகு உடனே தூங்கிவிட்டாள். நான் சொன்ன விளக்கத்தைவிடத் தெற்கு நன்றாக வேலை செய்கிறது.

மே 15, வியாழன்

நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். நான் கீழே மருந்துக் கடைக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் வியர்வை. ஃபேன் ஓடவில்லை என்று நினைத்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும், கதவைத் திற என்று என்னிடம் சொன்னாள். பிறகு பேச்சு குழறியது. பிறகு உடம்பு விறைத்து, கை கால் வெட்டி இழுத்தது.

டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார். "சுகர் ரொம்ப லோ," என்று பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் சொன்னார். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன், தெளிவாகக் கேட்டது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "என்னக்கா இப்படி முழிச்சிட்டு நிக்க," என்றாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். தலையை ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை. நீங்கள் அவரைச் சரியாகச் சாப்பிட வைக்கவில்லை என்று டியூட்டி டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரையும் இல்லை, வலிப்பும் இல்லை. நேற்றுக் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள், மத்தியானம் ரசம் சாதம். நானே ஊட்டினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் முந்தானை முழுக்க ஈரம். அவளுடைய வியர்வையாக இருக்கும்.

மே 17, சனி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொடுத்தனுப்பிய அறிக்கையில் இருப்பது: வலிப்பு, காரணம் தெரியவில்லை. மாத்திரை இரண்டு வருடம். வாகனம் ஓட்டக் கூடாது.

சர்க்கரை குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று டியூட்டி டாக்டரைக் கேட்டேன். வலிப்பு வரும்போது அப்படிக் காட்டுவதுண்டு என்றார், என் முகத்தைப் பார்க்காமல். முகத்தைப் பார்க்காமல் பேசுவது ஆதாரம் ஆகாது. குறித்து மட்டும் வைக்கிறேன்.

மே 18, ஞாயிறு

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது.

மே 20, செவ்வாய்

உலகு வீட்டில் இருந்தேன். மாத்திரை அவளை மந்தமாக்குகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறாள், பால் பொங்கி வழிகிறது.

பள்ளி மேலாளர் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். அறிக்கையைப் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். பன்னிரண்டு வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியிருக்கிறாள், மறுக்கவில்லை, ஆனால் பிள்ளைகள் விஷயம் என்றார். பள்ளி திறப்பதற்குள் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதித் தராவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்வேன். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தபோது அதை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

அவர் போன பிறகு உலகு வேன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துப் பீரோவுக்குள் வைத்தாள்.

மே 21, புதன்

ஃபிளாஸ்க் வார்டிலேயே தங்கிவிட்டது. ஆய்வகத்திலிருந்து திரும்பும் வழியில் எடுக்கப் போனேன். எட்டாம் நம்பரில் புதிதாக யாரோ. ஏழாம் நம்பரில் பாத்திமாம்மா அப்படியே இருக்கிறார். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, தன் குறையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது:

அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு இன்சுலின் ஊசி போடவில்லை. கேட்டதற்கு, போட்டாச்சு, சும்மா கேட்டுக்கொண்டிருக்காதீர்கள் என்றார்களாம். இரவு சோதித்தபோது சர்க்கரை எக்கச்சக்கம். அன்று அவரைப் பார்க்க வந்த மகள் கையில் அல்வாப் பொட்டலம் இருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கியது. டாக்டர் சிவசைலம் வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டியிருக்கிறார்.

"தின்னுட்டுப் பொய் சொல்லுதியளாங்காரும்மா. இந்த வயசுல. எம் மகளுக்கு முன்னால வச்சு."

இவர் தின்றார் என்று ஏச்சு. அவள் தின்னவில்லை என்று எனக்கு ஏச்சு. இரண்டும் ஒரே சாயங்காலம்.

ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கட்டில்களையும் பார்த்தபடி நின்றேன். நான் நின்றிருந்தபோதே ஒரு சிஸ்டர் ஊசித் தட்டோடு உள்ளே வந்தார். "நாலு, கை நீட்டுங்க. ஆறு, திரும்பிப் படுங்க." யாரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. கையில் ஒரு பட்டைகூட யாருக்கும் கிடையாது.

எங்கள் ஆய்வகத்தில் சீட்டு ஒட்டாத பாட்டிலைக் கையால் வாங்க மாட்டோம். இது எந்தக் கடைப் பால் என்று அலமாரியில் இருக்கும் இடத்தை வைத்துச் சொல்கிற ஆளை ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டோம்.

மே 22, வியாழன்

என் ஊகம் தவறாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே உலகுவிடம் பேசினேன். அன்று சாயங்காலம் ஊசி போட்டார்களா என்று மட்டும் கேட்டேன்.

"போட்டாவளே. எட்டுன்னு கூப்பிட்டாவ. நான் எட்டுலதான கெடந்தேன்? கைய நீட்டினேன். வலிக்குப் போடுதாவன்னு நெனச்சேன்."

"என்ன ஊசின்னு கேக்கலியா?"

"ஊசி போட வாறவங்கள்ட்ட யாருக்கா கேப்பா?"

நானாக இருந்தால் கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். கேட்டிருக்க மாட்டேன்.

மாலையில் வேறு ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முழுக்கக் கேட்டார். சர்க்கரை இல்லாதவருக்கு இன்சுலின் போனால் இப்படித்தான் ஆகும் என்றார். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அங்கே நடந்தது உறுதியாகட்டும், பிறகு நானே நிறுத்துகிறேன் என்றார். சரியான பேச்சு.

மே 23, வெள்ளி

ஆஸ்பத்திரி மேலாளரைப் பார்த்தேன். உலகுவின் சிகிச்சைக் குறிப்புகள் முழுவதற்கும் நகல் வேண்டும் என்று அவள் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தேன். வழக்கமில்லை என்றார். கேட்ட மூன்று நாளைக்குள் தர வேண்டும் என்பது விதி, நோயாளிக்கு அது உரிமை என்றேன். டாக்டர் வெளியூர் என்றார். டாக்டரின் கார் நிழலில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லவில்லை. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 26, திங்கள்

நகல் வரவில்லை. குற்றாலிங்கம் வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குப் போன் போயிருக்கிறது. எனக்கு இல்லை, அவருக்கு. குடும்பத்தோடு எப்போது வந்தாலும் இனி இலவசமாகப் பார்க்கிறார்களாம். அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டரை வேலையைவிட்டு அனுப்பத் தயாராம். பெரிய டாக்டரே வருத்தப்பட்டாராம். என்ன நடந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

"சவத்த விடுங்க மதினி. உசுரோட வந்துட்டால்லா. நாளைக்கு ஒண்ணுன்னா அங்கதான ஓடணும்?"

வலிப்புக்காரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அதை என்ன செய்வது என்றேன். வீட்டோடு இருக்கட்டும், இத்தனை வருடம் ஓட்டியது போதாதா என்றார். அடுப்படியிலிருந்து உலகு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நிதானமாக வெளியே வந்தாள். அந்த மாத்திரைக்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் நிதானமாகத்தான் செய்கிறாள்.

"உங்கள நாளையில இருந்து மண்டிக்குப் போக வேண்டாம், வீட்டோட இருங்கன்னா இருப்பியளா?"

அவர் காபியைக் குடித்தார். போகும்போது, ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்லுங்கள், மண்டியில் லீவு போடுகிறேன் என்றார்.

ஸ்கேன் மையத்திலிருந்து எனக்கும் போன் வந்தது. ஜூன் ஐந்து என்று சொல்லிவைத்தேன்.

மே 28, புதன்

மருத்துவக் கவுன்சிலுக்குப் புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதில் ஊகம் என்று ஒரு பகுதியும், பார்த்தது என்று ஒரு பகுதியும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். நகல் ஒன்று டாக்டர் சிவசைலத்துக்கு. தபால் சேர்வதற்குக் காத்திருக்காமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லிச் சாயங்காலமே போன் வந்தது. இந்த முறை எனக்கு.

பிறகு மேலப்பாளையம் போனேன். பாத்திமாம்மா வீடு திரும்பிவிட்டார். நமக்கு எதற்கு வம்பு, கால் ஆறிக்கொண்டிருக்கிறது, அல்லா பார்த்துக்கொள்வான் என்று மகள் சொன்னாள். நியாயமான பயம். வற்புறுத்தவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

பாத்திமாம்மா வாசல்வரை வந்தார். "நான் அல்வா திங்கலன்னு அந்த டாக்டர் அவரு வாயால சொல்லுவாரா?"

சொல்லச் சொல்லிக் கேட்கலாம் என்றேன்.

"அப்ப வாரேன்."

மே 30, வெள்ளி

டாக்டர் சிவசைலத்தின் அறை. அவர், மேலாளர், இந்தப் பக்கம் நானும் உலகுவும். கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு பாத்திமாம்மா, பக்கத்தில் அவருடைய மகள். சுவரோரம் குற்றாலிங்கம். கதவருகில் ஒரு சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். எப்சிபா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. முகம் வீங்கியிருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னேன். உட்காரவில்லை.

டாக்டர் முதலில் பொதுவாகப் பேசினார். மருத்துவத்தில் எதுவும் நூறு சதவீதம் இல்லை என்றார். அதில் எனக்கும் உடன்பாடுதான். பிறகு முன்னால் சாய்ந்தார்.

"பெட்டை மாத்திக்கிட்டது நீங்கதானே? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஒரு வாரமாக அதோடுதான் படுத்து எழுந்திருக்கிறேன்.

"கேக்கல. தலையணையத் தூக்கிட்டுப் போனதே நான்தான். அதையும் எழுதுங்க டாக்டர். ஆனா எழுதுங்க."

அவர் மேலாளரைப் பார்த்தார். கட்டில் மாறினாலும் ஊசி மாறியதற்கு அத்தாட்சி இல்லை என்று மேலாளர் தொடங்கினார். எங்கள் சிஸ்டர் பெயரைச் சரிபார்க்காமல் ஊசி போடுவதில்லை என்றார்.

"நான் பேரு கேக்கல சார்."

எப்சிபாதான். கதவைவிட்டு ஓர் அடி முன்னால் வந்திருந்தார்.

"எட்டாம் பெட்டுன்னு கூப்பிட்டேன். இவங்க கைய நீட்டினாங்க. பாத்திமாம்மாவுக்குப் போட வேண்டிய இன்சுலின்தான் அது. இவங்களுக்கு ஃபிட்ஸ் வந்ததுமே எனக்குப் புரிஞ்சிட்டு. டியூட்டி டாக்டர்ட்ட அப்பவே சொன்னேன். பேசாம இருன்னாங்க. இங்க யாரும் பேரு கேக்கறதில்ல சார். எனக்குச் சொல்லிக் குடுத்தவங்களும் கேக்கல."

பாத்திமாம்மா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப நான் அல்வா திங்கல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா. நீங்க திங்கல," என்றார். மகளைப் பார்த்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார் பாத்திமாம்மா. சொன்னார்.

அதற்குப் பிறகு வேலை சுருக்கமாக முடிந்தது. டாக்டர் எழுதிய புது அறிக்கையில் இருப்பது: வேறொருவருக்கான இன்சுலின் தவறுதலாகப் போடப்பட்டதால் சர்க்கரை குறைந்து ஏற்பட்ட வலிப்பு. வலிப்பு நோய் இல்லை. வாகனம் ஓட்டத் தடையில்லை. கட்டில் மாறிய விஷயமும் இருக்கிறது. எழுதியதை உலகுவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அவளுடைய உடம்பு, அவள் கேட்க வேண்டும். டாக்டர் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி," என்றாள்.

புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று மேலாளர் கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டோம் என்று கணக்குத் தீர்த்தால் புகாரில் இன்னொரு பக்கம் சேரும் என்றும் சொன்னேன். ஊசிக்கு முன்னால் பெயர் கேட்பது, கையில் பட்டை கட்டுவது, இரண்டும் எப்போது தொடங்கும் என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார். நானும் வந்து பார்க்கிறேன் என்றேன்.

படியிறங்கும்போது எப்சிபா எதிரே வந்தார். உலகு நின்றாள். நான் விலகி நடந்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. குற்றாலிங்கம் ஆட்டோ பிடிக்கப் போனார்.

ஜூன் 2, திங்கள்

மாத்திரையை, வெளியே போய்ப் பார்த்த அந்த மருத்துவர் இரண்டு நாளைக்கு முன்பே நிறுத்திவிட்டார். காலையில் உலகுவின் வேன் எங்கள் தெரு முனையில் நின்று இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹாரன் அடித்தாள். தெருவில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் போன் செய்தாள். "ஏக்கா, ஒண்ணு யோசிச்சியா? நீ சொன்ன மாதிரி வடக்க தலை வச்சே கெடந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

அது வேறு காரணத்தால் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள். பதில்கள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டன.

குழாய்க்கு வேறு வாஷர் போட்டேன். நின்றுவிட்டது.

ஜூன் 5, வியாழன்

பிள்ளைகளை இறக்கிவிட்டு உலகு வேனோடு வந்தாள். ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றதற்கு, ஏறு என்று மட்டும் சொன்னாள். ஏதோ சோதனை என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். வழியில் அவளும் கேட்கவில்லை. பின் சீட்டில் யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டே வந்தது.

ஸ்கேன் மையத்தில் டோக்கன் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கதவைத் திறந்து, "பதினாலு," என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

"பதினாலு யாரு?"

உலகு முழங்கையால் இடித்தாள். "உன்னத்தாங்க்கா."

"பேரு சொல்லிக் கூப்பிடட்டும்."

அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "சண்முகவடிவு?"

எழுந்தேன். பிறந்த தேதியைக் கேட்டாள், சொன்னேன். "என்ன ஸ்கேன், எந்தப் பக்கம்னு நீங்களே ஒருவாட்டி சொல்லிருங்க மேடம்," என்றாள். இங்கே அப்படித்தான் வழக்கம் போலிருக்கிறது. நல்ல வழக்கம். பிப்ரவரியிலிருந்து நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை வரவேற்பறையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது.

"மார்பு. இடப் பக்கம். ஒரு கட்டி."

உலகு என் முகத்தைப் பார்த்தாள். என் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி வாங்கி, தன் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போனேன்.